பிஎஸ்5-க்கு எந்த டிவி: முப்பத்தெட்டாயிரமா, ஒன்றேகால் லட்சமா?

காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) என்ற கேம் கன்சோல் இருக்கிறது, பழைய 32 இன்ச் டிவியில் மாட்டி ஆடிக்கொண்டிருக்கிறார். கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் 55 இன்ச் ‘120 ஹெர்ட்ஸ் கேமிங் டிவி’ ஒன்றை 38,000 ரூபாய்க்குக் காட்டியிருக்கிறார்கள். பெங்களூரில் அதே 55 இன்ச்சில் ஓஎல்இடி (புள்ளிகள் தாமே ஒளிரும் திரை) 1,25,000 ரூபாய். ஹாலில்தான் மாட்டப்போகிறார். காலையிலிருந்து அப்பா செய்தி, மாலையில் அம்மா சீரியல், இரவு பத்து மணிக்கு மேல் இவருடைய ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுப் பையன்கள் வந்தால் கால்பந்து. சோபாவிலிருந்து சுவர் எட்டடி. “87,000 ரூபாய் வித்தியாசம் ஆடும்போது உண்மையிலேயே தெரியுமா அண்ணா?” என்பதுதான் கேள்வி.

தெரியும் தம்பி. ஆனால் எங்கே தெரியும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆட்டத்தில் டிவியின் வேலையைக் கையும் உணர்கிறது, கண்ணும் உணர்கிறது. பட்டனை அழுத்தியதற்கும் திரையில் அது நடப்பதற்கும் நடுவில் போகும் நேரம் கைக்குத் தெரிவது. இருட்டு எவ்வளவு இருட்டாக இருக்கிறது, வேகமாக ஓடும்போது படம் கலங்குகிறதா என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. தருமபுரியில் பதினேழு வருடமாக டிவி பழுது பார்க்கிறேன், அதைவிட அதிக வருடமாக ஆட்டமும் ஆடுகிறேன். நான் பார்த்தவரை, கைக்கு வேண்டியது இன்று மலிவான டிவியிலேயே கிடைத்துவிடுகிறது. கண்ணுக்கு வேண்டியதற்குத்தான் அந்த 87,000. அதிலும் உங்கள் ஹாலுக்கு அந்த ஒன்றேகால் லட்சத்து டிவி பொருந்தாது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கை. 60 ஹெர்ட்ஸ் டிவி விநாடிக்கு 60 முறை, அதாவது 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை படத்தை மாற்றுகிறது. 120 என்றால் 8.3. ஆனால் கன்சோல் அனுப்பிய படத்தை டிவி வந்த கையோடு காட்டிவிடுவதில்லை. நிறத்தைக் கூட்டும், புள்ளி புள்ளியாகத் தெரிவதை வடிகட்டும், இரண்டு படத்துக்கு நடுவில் இல்லாத ஒரு படத்தைத் தானே வரைந்து சொருகி ஓட்டத்தை வழுவழுப்பாக்கும். அப்படிச் சொருக வேண்டுமென்றால் அடுத்த படம் வரும்வரை இந்தப் படத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் நேரம் போகிறது. சினிமாவுக்கு இதனால் நஷ்டமில்லை, ஒலியையும் அதே அளவு தாமதித்து உதட்டசைவோடு சேர்த்துவிடும். ஆட்டத்தில் கை முந்திப் போய்விடுகிறது. கேம் மோடு என்பது இந்த வேலைகளில் பெரும்பாலானதை நிறுத்திவிட்டு, வந்த படத்தை அப்படியே திரைக்குத் தள்ளுவது, அவ்வளவுதான்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று ஒருநாள் நானே எண்ணிப் பார்த்தேன். நெசவாளர் காலனியில் என் அக்கா வீடு. அக்கா பையன் கிரிக்கெட் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தவன், “மாமா, பந்து போனப்புறம்தான் பேட் சுத்துது, டிவி போச்சு, வேற வாங்கணும்” என்றான். 24,000 ரூபாய் கொடுத்து வாங்கிய 43 இன்ச், வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. என் போனில் ஒரு விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருக்கிறது. கன்ட்ரோலரைத் திரைக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி, கட்டைவிரலும் பேட்ஸ்மேனும் ஒரே சட்டத்துக்குள் தெரிகிற மாதிரி எடுத்தேன். பிறகு இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் தள்ளி எண்ணினோம். விரல் பட்டனைத் தொட்டு இறங்கிய படத்திலிருந்து பேட் அசைந்த படம் வரை 43. அங்கே ஒரு படம் என்பது 4.17 மில்லி விநாடி, ஆக ஏறக்குறைய 180 மில்லி விநாடி. டிவி ‘விவிட்’ மோடில் இருந்தது. கேம் மோடுக்கு மாற்றி மறுபடி எடுத்தோம். 21 படம், 88 மில்லி விநாடி. இதில் பெரும்பகுதி ஆட்டமும் கன்சோலும் கன்ட்ரோலரும் எடுத்துக்கொள்வது, அதை எந்த டிவியாலும் குறைக்க முடியாது. டிவி வீணாக்கிக்கொண்டிருந்த 92 மில்லி விநாடி மட்டும் ஒரு பட்டனில் போய்விட்டது. பையன் அடுத்த ஓவரிலேயே சிக்ஸர் அடித்தான். வேறு டிவி பற்றி அதன் பிறகு பேசவில்லை.

நல்ல மலிவு டிவி ஒன்று கேம் மோடில் 10 முதல் 15 மில்லி விநாடி தாமதிக்கும். உயர்ரக டிவி 60 ஹெர்ட்ஸில் 10, 120-இல் 5 அல்லது 6. இந்த ஐந்து, பத்து மில்லி விநாடியைப் போட்டிக்கென்றே பயிற்சி எடுப்பவர்கள் உணரலாம். ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் மலிவிலும் மோசமானவை உண்டு, பெயருக்குக் கேம் மோடு வைத்துவிட்டு நாற்பது, ஐம்பது என்று இழுப்பவை. அதைப் பெட்டி மேல் அச்சிட மாட்டார்கள். கடைக்குக் கன்சோலையே எடுத்துப் போங்கள். கூட்டமில்லாத செவ்வாய், புதன் காலையில் போய்க் கேட்டால் மாட்டிக் காட்டுவார்கள், நான் பார்த்த கடைக்காரர்கள் யாரும் மறுத்ததில்லை. இப்போது நீங்கள் ஆடும் 32 இன்ச்சை முதலில் வீட்டில் படமெடுத்து எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் அதே ஆட்டம், அதே பட்டன். எண்ணிக்கையை ஒப்பிட்டால் போதும்.

அப்புறம், கன்சோலை இயக்கியதும் டிவி தானாகக் கேம் மோடுக்குப் போகும் வசதிக்கு ஏஎல்எல்எம் என்று பெயர். பிஎஸ்5 அதற்கான சைகையை அனுப்பும், டிவிக்கு அதைப் புரிந்துகொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். சீரியலும் செய்தியும் ஓடுகிற ஹால் டிவியில் இது இருப்பது நல்லது. இல்லையென்றால் தினமும் ரிமோட்டில் மாற்ற வேண்டும், மறந்தால் அம்மாவின் சீரியல் கேம் மோடில் வெளுத்துப்போய்த் தெரியும்.

இப்போது அந்த 38,000 ரூபாய் ‘120 ஹெர்ட்ஸ்’ பற்றி. இதில் நானே ஏமாந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஆடித் தள்ளுபடியில் இதே மாதிரி ஒரு டிவி வாங்கினேன். பெட்டியில் பெரிய எழுத்தில் 120 ஹெர்ட்ஸ், எச்டிஎம்ஐ 2.1 (கன்சோலை டிவியோடு இணைக்கும் கேபிள் வழியின் புதிய வகை). வீட்டுக்கு வந்து பிஎஸ்5-ஐ மாட்டி, செட்டிங்ஸில் திரை மற்றும் வீடியோ பகுதிக்குள் வீடியோ அவுட்புட் தகவல் என்ற பக்கத்தைத் திறந்தேன். டிவி எதை ஏற்கும், எதை ஏற்காது என்று கன்சோலே அங்கே வரிசையாகக் காட்டும். 4கே-யில், அதாவது 3840 x 2160 புள்ளித் தெளிவில் 60 ஹெர்ட்ஸ், 120 வேண்டுமென்றால் 1080 தெளிவில் மட்டும் என்று வந்தது.

நடந்தது இதுதான். உள்ளே இருப்பது 60 ஹெர்ட்ஸ் பேனல், அதாவது படம் காட்டும் திரைப் பாகம். சாதாரணமாகப் பேனல் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோடாகப் படத்தை எழுதிக்கொண்டு வரும். ஒரே நேரத்தில் இரண்டு கோட்டில் ஒரே விஷயத்தை எழுதினால் பாதி நேரத்தில் முடிந்துவிடும், அப்போது 120 முறை எழுதலாம். ஆனால் உயரத்தில் தெளிவு பாதியாகிவிடும். இதை டியூவல் லைன் கேட் என்பார்கள், சுருக்கமாக டிஎல்ஜி. ஏமாற்று என்று முழுதாகச் சொல்ல முடியாது, 120 ஓடத்தான் செய்கிறது. ஆனால் வாங்குகிறவர் மனதில் நினைப்பது அதுவல்லவே! இன்னொரு வகை இதைவிட மோசம்: ‘மோஷன் ரேட் 120’ மாதிரி ஏதோ ஒரு பெயரில் எண்ணை மட்டும் போட்டிருப்பார்கள், அது டிவி தானே வரைந்து சொருகும் படங்களின் கணக்கு. கன்சோலுக்கு அந்த டிவி வெறும் 60 தான்.

எச்டிஎம்ஐ 2.1 என்ற எழுத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். 2013-இல் வந்த எச்டிஎம்ஐ 2.0 ஒரு விநாடிக்கு 18 கிகாபிட் அனுப்பும், 4கே 60-க்கு அது போதும். 2017-இல் வந்த 2.1-இன் உச்சம் 48 கிகாபிட், 4கே 120 அதில்தான் முழுதாகப் போகும். ஆனால் 2.1 விதிமுறையில் உள்ள புதிய வசதிகள் எல்லாமே விருப்பத்துக்கு உட்பட்டவை. ஏஎல்எல்எம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு 18 கிகாபிட் போர்ட்டுக்கும் 2.1 என்று பெயர் போட்டுக்கொள்ளலாம், விதிப்படி தப்பில்லை. அதனால் கடையில் “எச்டிஎம்ஐ 2.1 இருக்கா?” என்று கேட்பதில் பிரயோஜனம் கிடையாது. “4கே-யில் 120 ஹெர்ட்ஸ் எந்தப் போர்ட்டில் வரும்?” என்று கேளுங்கள். தெரியாது என்று சொன்னால் கன்சோலை மாட்டி அந்தத் தகவல் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை. பிஎஸ்5-உடன் பெட்டியில் வந்த கேபிளையே கொண்டுபோங்கள், அது இந்த வேகத்துக்கு ஆனது. டிவி மெனுவில் அந்தப் போர்ட்டின் சிக்னல் வகையை ‘என்ஹான்ஸ்டு’ என்று மாற்றாவிட்டால் நல்ல டிவியும் 60 என்றே காட்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, உண்மையான 120 உங்களுக்குத் தேவையா? பிஎஸ்5-இல் விநாடிக்கு 120 படத்தில் ஓடும் ஆட்டங்கள் குறைவுதான். பெரும்பாலானவை இரண்டு விதமாக ஓடும்: அழகுக்கு 30, வேகத்துக்கு 60. கால்பந்தெல்லாம் 60. இதை மட்டும் வைத்துப் பார்த்தால் 120 வீண் செலவு மாதிரி தெரியும். ஆனால் 2021-இலிருந்து சில கதை ஆட்டங்களில் 40 படம் என்று ஒரு வழி வந்திருக்கிறது, அது 120 ஹெர்ட்ஸ் திரையில் மட்டும்தான் வரும். காரணம் எளிய கணக்கு. 120-ஐ 40-ஆல் வகுத்தால் சரியாக மூன்று, ஒவ்வொரு படத்தையும் மூன்று முறை காட்டிவிடலாம். 60-ஐ 40-ஆல் வகுத்தால் ஒன்றரை, ஒரு படம் அதிக நேரம் நிற்கும், அடுத்தது குறைவாக நிற்கும், ஓட்டம் நொண்டும். 40 என்பது 30-ஐவிடப் பத்துதானே அதிகம் என்று நினைக்காதீர்கள். 30-இல் ஒரு படம் 33.3 மில்லி விநாடி நிற்கிறது, 60-இல் 16.7, 40-இல் 25. நேரக் கணக்கில் சரியாக நடுவில் வந்து உட்காருகிறது. ஆடிப் பார்த்தால் அழகும் குறையவில்லை, கையும் கனக்கவில்லை. எனக்கு 120 ஹெர்ட்ஸ் டிவியின் பெரிய பலன் இதுதான்.

கூடவே விஆர்ஆர். ஆட்டம் திணறி 60-லிருந்து 52-க்கு இறங்கினால், டிவியும் தன் வேகத்தை 52-க்கு இறக்கிக்கொள்ளும், படம் கிழிந்த மாதிரி தெரியாது. பிஎஸ்5-க்கு இது 2022 ஏப்ரலில் வந்தது. 48 முதல் 120 வரை வேலை செய்யும். 60 ஹெர்ட்ஸ் டிவியில் 48-க்கும் 60-க்கும் நடுவே உள்ள சின்ன இடம்தான் அதற்கு, 120-இல் கை கால் நீட்ட இடமிருக்கிறது.

இப்போது கண். பணம் உண்மையில் போகிற இடம் இது. சாதாரண எல்இடி டிவியில் பின்னால் விளக்கு எப்போதும் எரிகிறது, முன்னால் உள்ள திரவப் படிகம் அதை மறைத்து இருட்டைக் காட்ட வேண்டும். முழுதாக மறைக்க முடியாது. இந்தப் பேனல்களில் ஐபிஎஸ், விஏ என்று இரண்டு வகை. ஐபிஎஸ் பேனலில் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள விகிதம் 1000-க்கு 1 என்ற அளவில் இருக்கும், விஏ பேனலில் 3000, 5000 வரை போகும். இரவு பத்து மணிக்கு விளக்கணைத்துவிட்டு ஐபிஎஸ் டிவியில் குகைக்குள் போகிற ஆட்டம் ஆடினால் குகை கறுப்பாக இருக்காது, சாம்பல் பூசின மாதிரி இருக்கும். விஏ-யில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் மலிவான விஏ-யில் வேறொரு தொல்லை. கறுப்பிலிருந்து சாம்பலுக்குத் திரும்ப அந்தப் படிகங்கள் மெதுவாக அசைகின்றன. இருட்டுச் சுவர் ஓரமாகக் கேமராவைச் சட்டென்று திருப்பினால், கரித்துண்டை இழுத்துத் தேய்த்த மாதிரி ஒரு தடம் பின்னாலேயே வரும். ஒருதடவை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அதுதான் தெரியும். இன்னொன்று, விஏ-யைப் பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் தரையிலும் திண்ணையிலுமாக உட்கார்ந்து ஆடினால் ஓரத்தில் இருப்பவனுக்கு மைதானம் பச்சையாகத் தெரியாது.

ஓஎல்இடி-யில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, கறுப்பு வேண்டுமென்றால் அணைந்துவிடுகிறது. ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்தில் நிறம் மாறிவிடும், தடம் என்ற பேச்சே கிடையாது. இரவில், விளக்கணைத்து, தனியாக ஆடுகிறவனுக்கு அதைவிட நல்ல திரை இப்போது கிடையாது, இதில் எனக்கு மறு கருத்தே இல்லை. ஒரு சின்ன விஷயம் மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: 30 படத்தில் ஓடும் ஆட்டம் ஓஎல்இடி-யில் வெட்டி வெட்டி நகர்கிற மாதிரி தெரியும். மற்ற டிவிகளில் பேனலின் மந்தமே அந்த வெட்டை மழுக்கிக் காட்டும். இதில் அந்த மழுப்பல் இல்லை.

எச்டிஆர் பற்றி இரண்டு வரி. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் படமுறை அது. 38,000 ரூபாய் டிவியில் எச்டிஆர்10 என்று போட்டிருந்தால், அந்தச் சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்றுதான் அர்த்தம். காட்டுவதற்கு வெளிச்சம் வேண்டுமே! அந்த விலை டிவிகள் பெரும்பாலும் 250, 300 நிட் (திரை வெளிச்சத்தின் அளவு) தான் தருகின்றன. அதில் எச்டிஆரைப் போட்டால் படம் மங்கும். பிஎஸ்5 செட்டிங்ஸில் எச்டிஆரை நிறுத்திவிட்டு ஆடுங்கள், இன்னும் நன்றாக இருக்கும். பின்விளக்கைப் பல நூறு பகுதியாகப் பிரித்து, தேவையான இடத்தில் மட்டும் ஏற்றி இறக்குகிற மினி எல்இடி டிவிகளில் 1000 நிட்டும் அதற்கு மேலும் வரும். எச்டிஆர் என்றால் என்னவென்று அங்கேதான் தெரியும்.

தூரத்தையும் சொல்லிவிடுகிறேன். 55 இன்ச்சின் அகலம் சுமார் 122 சென்டிமீட்டர். அதில் 1080 தெளிவின் ஒரு புள்ளியை நல்ல கண் சுமார் ஏழடி வரைதான் தனியாகப் பிரித்துப் பார்க்கும். நீங்கள் எட்டடியில் உட்காருகிறீர்கள். அதனால் ஆட்டத்தில் 4கே வேண்டுமா, வேகம் வேண்டுமா என்று கேட்டால் யோசிக்காமல் வேகத்தைத் தேர்ந்தெடுங்கள், அந்தத் தூரத்தில் கண் எதையும் பெரிதாக இழக்காது. அதே காரணத்தால், பணம் குறைத்து 43 வாங்கவும் சொல்ல மாட்டேன். எட்டடிக்கு 55 தான் சரி, 65 இருந்தால் இன்னும் நல்லது.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓஎல்இடி வேண்டாம் என்பதற்கு முக்கியமான காரணம் அவர்தான். ஓஎல்இடி-யின் புள்ளிகள் எரிய எரியத் தேயும். எல்லாம் ஒரே சீராகத் தேய்ந்தால் தெரியாது. செய்திச் சேனலின் மூலை முத்திரையும் கீழே ஓடும் பட்டையும் ஒரே இடத்தில் மணிக்கணக்காக நின்றால் அந்த இடம் மட்டும் அதிகமாகத் தேய்ந்து, வேறு படம் ஓடும்போதும் நிழல் மாதிரி தெரியும். டிவிகளைச் சோதிக்கும் ஆர்டிங்ஸ் என்ற கனடா நிறுவனம் 2018 ஜனவரியில் எல்ஜி சி7 ஓஎல்இடி ஆறு டிவிகளை வாங்கி, தினம் 20 மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தது. செய்திச் சேனல் ஓடிய டிவிகளில் தடம் பதிந்தது. அதற்குப் பிறகு பேனல்கள் எவ்வளவோ தேறியிருக்கின்றன, தானே தேய்மானத்தைச் சரிக்கட்டும் வேலையையும் செய்கின்றன. பலவிதமாகப் பார்க்கிற வீட்டில் பயமில்லை. ஆனால் காலை ஆறு மணியிலிருந்து ஒரே சேனல் ஓடுகிற ஹாலில், மூன்று வருடம், நான்கு வருடம் என்று போகும்போது நான் உத்தரவாதம் சொல்ல மாட்டேன். “அப்பா, டிவியை நிறுத்துங்க, தேய்ஞ்சிடும்” என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருக்கிற நிலை வீட்டில் யாருக்கும் நல்லதில்லை. போதாததற்கு உங்கள் ஹாலில் எதிரில் ஜன்னல் இருந்தால், பகல் வெளிச்சத்தில் முழுத் திரையும் வெள்ளையாகிற காட்சிகளில் ஓஎல்இடி மங்கும். தனி அறை கட்டி உங்களுக்கென்று ஒரு டிவி மாட்டும் நாளில் ஓஎல்இடி வாங்குங்கள், அப்போது நானே கூட வருகிறேன்.

ஆக நான் சொல்வது நடுவில் உள்ள ஒன்று: 55 இன்ச், உண்மையான 120 ஹெர்ட்ஸோ 144 ஹெர்ட்ஸோ உள்ள பேனல், பின்விளக்கு பகுதி பகுதியாக அணையும் மினி எல்இடி. பண்டிகை விற்பனையில் அறுபதாயிரத்திலிருந்து எண்பதாயிரத்துக்குள் பிடிக்கலாம். அது முடியாது, நாற்பதாயிரம்தான் என்றால் அந்த ‘120 ஹெர்ட்ஸ்’ டிவியை விட்டுவிட்டு, 60 என்று ஒளிக்காமல் சொல்கிற, கேம் மோடில் தாமதம் குறைந்த ஒரு டிவியை 32,000, 35,000-க்கு வாங்குங்கள். மீதிப் பணத்தைக் கீழே சொல்லப்போகிற மின்சார வேலைக்குப் போடுங்கள். கால்பந்து அதில் அருமையாக ஓடும்.

பழைய விலைகளை வைத்து ஒப்பிடுகிறவர்களுக்கு: 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. முன்பு வரியோடு 1,28,000 ஆன டிவி இப்போது 1,18,000 ஆக வேண்டும். பழைய விலையைச் சொல்லித் ‘தள்ளுபடி’ என்றால் இதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

மின்சாரம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. என் கடைக்கு வரும் டிவிகளில் பேனல் தேய்ந்து வருவதைவிட மின்சாரத்தால் செத்து வருவதுதான் அதிகம். பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவை பெரும்பாலும் அப்படித்தான். குறைந்த வோல்டேஜைக் கண்டு பயப்பட வேண்டாம், இன்றைய டிவிகள் பலவும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். ஆபத்து மேலே ஏறுவதில். லைனில் நியூட்ரல் விட்டுப்போனால் 230 வர வேண்டிய இடத்தில் 400 பக்கம் வந்துவிடும், கண் மூடித் திறப்பதற்குள் பவர் போர்டு போய்விடும். மேல் வோல்டேஜில் தானே வெட்டிவிடும் ஸ்டெபிலைசர் ஒன்று டிவிக்கும் பிஎஸ்5-க்கும் சேர்த்து வையுங்கள்.

அடுத்தது கோடை மழை. சித்திரை, வைகாசியில் மத்தியானம் வெயில் கொளுத்திவிட்டுச் சாயங்காலம் இடியோடு இறங்கும் மழை உங்களுக்கும் தெரியும். இடி கரண்ட் லைன் வழியாக மட்டும் வருவதில்லை. மொட்டை மாடி டிஷ் ஆன்டெனா கேபிள் வழியாக செட்டாப் பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவியின் மெயின் போர்டுக்குள் நுழையும். போன கோடையில் ஒரே வாரத்தில் ஐந்து டிவி இப்படி வந்தது. ஒன்றைத் திறந்தபோது எச்டிஎம்ஐ போர்ட்டுக்குப் பின்னால் உள்ள சின்ன ஐசி நடுவில் வெடித்து, அரிசியில் பாதி அளவுக்குக் குழி விழுந்திருந்தது. பேனல் பளிச்சென்று நன்றாக இருந்தது, போர்டு கிடைக்கத்தான் மூன்று வாரம் ஆனது. மேகம் கறுத்தால் பிளக்கையும் பிடுங்குங்கள், டிஷ் கேபிளையும் திருகிக் கழற்றுங்கள். அம்மாவுக்கும் காட்டிக் கொடுத்துவிடுங்கள், நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் மழை வரும்.

இன்வெர்ட்டர் இருந்தால் சைன் வேவ் வகையாக இருக்கட்டும், பின்னால் உள்ள சுவிட்ச் யுபிஎஸ் பக்கம் இருக்கட்டும். மற்றப் பக்கம் இருந்தால் மாறும் நேரம் நீண்டு, பிஎஸ்5 அணைந்துவிடும். சேமித்துக்கொண்டிருக்கும்போது அணைந்தால் ஆட்டக் கோப்பு கெடலாம். பெரிய ஆட்டங்களில் கன்சோல் மட்டுமே 200 வாட் பக்கம் இழுக்கும், டிவிக்கு இன்னொரு நூறு, நூற்றைம்பது. சின்ன இன்வெர்ட்டரில் ஃபேனோடு சேர்த்து ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள், கரண்ட் போனால் சேமித்துவிட்டு நிறுத்துங்கள்.

சவுண்ட்பார் மாட்டும் எண்ணம் இருந்தால் ஒன்று கவனியுங்கள். நிறைய டிவிகளில் 4கே 120 ஏற்கும் போர்ட் இரண்டே இரண்டு, அதில் ஒன்று சவுண்ட்பாருக்கான இஆர்க் போர்ட். சோனி டிவிகள் பெரும்பாலும் இப்படித்தான். எல்ஜி-யின் சி வரிசை ஓஎல்இடி-யில் நான்கும் ஏற்கும். உங்களிடம் ஒரே கன்சோல்தான் என்பதால் இரண்டு போதும். இரவில் அப்பா அம்மா தூங்கும்போது கன்ட்ரோலரின் அடியில் உள்ள 3.5 மில்லிமீட்டர் ஓட்டையில் சாதாரண ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள். சாதாரண புளூடூத் இயர்போனை பிஎஸ்5 நேரடியாக ஏற்காது, அதற்காகப் புதிதாக எதுவும் வாங்கிவிடாதீர்கள்.

பெங்களூரில் வாங்கினால் ஆயிரம், இரண்டாயிரம் குறையலாம். ஆனால் காரின் பின்சீட்டில் டிவியைப் படுக்க வைத்துக் கொண்டுவந்து, ஓசூர் தாண்டி ஒரு வேகத்தடையில் பேனல் விரிசல் விட்ட கதையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பெட்டியை நிமிர்த்தித்தான் கொண்டுவர வேண்டும், 55 இன்ச் பெரும்பாலான கார்களில் நிமிராது. பேனல் உடைந்தால் மாற்றும் செலவு புது டிவி விலைக்குப் பக்கத்தில் வரும், உடைசலுக்கு வாரண்டி கிடையாது. கிருஷ்ணகிரிக் கடையில் அதே டிவி கிடைத்தால் அங்கேயே வாங்கி, வீட்டில் கொண்டுவந்து மாட்டித் தரச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி பில்லில் டிவியின் வரிசை எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மாட்டுகிற ஆள் போவதற்கு முன்னாலேயே பிஎஸ்5-ஐ இணைத்து, முன்பு சொன்ன வீடியோ அவுட்புட் தகவல் பக்கத்தைத் திறந்து, போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 3840 x 2160-க்கு நேராக 120 ஹெர்ட்ஸ் தெரிகிறதா பாருங்கள். பிறகு பென்டிரைவில் முழு வெள்ளை, முழுக் கறுப்பு, முழுச் சிவப்பு என்று மூன்று படம் போட்டு ஓட்டி, திரையில் செத்த புள்ளி இருக்கிறதா என்று ஒரு கை நீளத் தூரத்திலிருந்து மூலை மூலையாகப் பாருங்கள். ஏதாவது தவறாக இருந்தால் அந்த ஆள் கிளம்புவதற்குள் கடைக்குப் போன் செய்து, அவரையும் பேசச் சொல்லுங்கள். பெட்டியையும் தெர்மாகோலையும் பத்து நாளாவது பரணில் வைத்திருங்கள்.